விளாங்குடிக்குக் குடிவந்த ராஜுவும் மங்களமும்

விளாங்குடி,
தாது வருஷம், மாசி மாதம், வியாழக்கிழமை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மனைவி மக்களோடு நன்றாக இருக்கும், மேலும் நன்றாக இருக்க வேண்டிய என் மைத்துனன் சிரஞ்சீவி பசுபதிக்கு, அத்திம்பேர் சீதாராமன் அநேக ஆசீர்வாதம். இங்கே பூனைகளும் நானும் க்ஷேமம். வரிசையை வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவி தர்மாம்பாளுக்குக் காலில் கட்டை அவிழ்த்தாயிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். மாட்டுக் கொட்டிலில் சாணித் தரையில் இனிமேல் அவள் ஓட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். "அக்காவை அனுப்பட்டுமா, ஏன் அவளை அழைத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். அழைத்துக்கொள்ளாமல் இருப்பது நான் இல்லையப்பா. உன் அக்கா அகிலாண்டம் மதுரை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என்னிடம் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. நான் அவள் கையில் கூஜாவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், கார்டு பச்சைக் கொடியைக் காட்டிவிட்டான், அப்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பூனை ரெண்டும் அந்தப் புது வீட்ல வயிறாரச் சாப்ட்டுட்டுக் காலை நீட்டித் தூங்கறதுன்னு உங்க கைப்பட எழுதுங்கோ. அப்பறம் நான் வரேன்" என்றாள். "எழுதாட்டா?" என்றேன். ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னலை இறக்கிக்கொண்டாள். இதோ, கைப்பட எழுதுகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டு.

டவுனில் இருந்த வீட்டை நாங்கள் ஆசைப்பட்டு விடவில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்காரருடைய பிள்ளை ராஜாராமனுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. அவனுக்கு வீடு வேண்டும் என்றார். நியாயம்தானே. நல்ல நாள் பார்த்து விளாங்குடியில் இந்த வீட்டில் பால் காய்ச்சினோம். சாமான்களை ஏற்றுவதற்குள் தர்மாம்பாள் விழுந்துவிட்டாள் என்று உன் தந்தி வந்தது, அக்கா புறப்பட்டுவிட்டாள். பால் காய்ச்சின அன்றைக்கு அவள் இந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கிணறு நன்றாக இருக்கிறது என்றோ, அடுக்களையில் புகை போக வழியில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பூனைகளுக்குப் பிடிக்குமோ என்னமோ" என்றாள், அவ்வளவுதான். அவள் யாருக்குப் பிடிக்குமோ என்று கேட்டாள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை பசுபதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஒரே வீட்டில் இருந்தவள். அதனால்தான் இந்தப் பூனைக் காரியத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனைகள் நிலைத்தால் அவள் நிலைப்பாள். பூனைகள் நிலைக்காவிட்டால் உன் வீட்டிலேயே தர்மாம்பாளின் மற்றக் காலுக்கும் துணையாக இருந்துவிடுவாள் என்ற பயம் எனக்கு இருந்தது.

பயம் என்றேனே தவிர, சந்தேகம் இல்லை. தாலுகா கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் நான். மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் எத்தனை பேரை நான் பழக்கியிருக்கிறேன்! வந்த அன்றைக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறக்காமல், பழைய ஊரையே நினைத்துக்கொண்டு கண் கலங்குவார்கள். ஒரு மேஜை, ஒரு வேலை, அதட்டல் கொஞ்சம், காபி கொஞ்சம். சரியாகிவிடும். பூனைக்கு மட்டும் வேறு சாஸ்திரமா என்ன?

முதலில் வண்டி விஷயம். பூனைகளைக் கடைசி நடையில் கொண்டு போங்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் யோசித்துப் பார்த்து, முதல் நடையிலேயே ஏற்றினேன். வீட்டுக்கு உரியவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு வருகிற அண்டாவும் உரலும் அவர்கள் கண் முன்னாலேயே வரும், பழக்கம் சுலபம் என்பது என் கணக்கு. வண்டிக்காரன் மலையாண்டி நல்ல மனிதன். மங்களத்தைக் கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்குள் வைத்துக் கட்டினோம். மங்களம் வெள்ளை, சாது, உனக்குத் தெரியும். ராஜுவை நீ பார்த்ததில்லை. தீபாவளிக்குப் பிறகு கொல்லைப்புறமாக வந்து ஒட்டிக்கொண்டவன், சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருப்பான், தலை நிமிர்த்தி நடப்பான். அந்த நடையைப் பார்த்துத்தான் ராஜு என்று நான் பெயர் வைத்தேன். அவன் பஞ்சாரத்துக்குள் போக மறுத்ததால் கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டினேன். வைகைப் பாலத்துக்குப் பாதி தூரம் வந்திருப்போம், ராஜு கத்த ஆரம்பித்தான். பூனை கத்துகிற மாதிரியே இல்லை. நிஜமாகவே தொட்டில் குழந்தை அழுகிற மாதிரி இழுத்து இழுத்து அழுதான். எதிரே துணி மூட்டையோடு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி ஓடி வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துய்யா வண்டிய! சாக்குக்குள்ள பச்சப்புள்ள அழுவுது!"

மலையாண்டி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சாமி, பூனைன்னுதான எங்கிட்டச் சொன்னீக?"

"பூனைதான்ப்பா. வண்டியை ஓட்டு."

"பூனையா இப்புடி ஆத்தாவத் தேடி அழுவுது?" என்றாள் கயிற்றைப் பிடித்திருந்தவள். "பாத்தா பெரிய மனுசரு கணக்கா இருக்காரு. அவுத்துக் காட்டுங்க, போயிருங்க."

கூட்டம் சேர்ந்துவிட்டது. கச்சேரியில் ஜமாபந்தி சமயத்தில்கூட நான் அவ்வளவு பேர் முன்னால் நின்றதில்லை. கௌரவத்தோடு, அவசரப்படாமல், முடிச்சை அவிழ்த்தேன். ராஜு என் தோளில் ஒரு கால், மலையாண்டியின் தலைப்பாகையில் ஒரு கால், மூன்றாவது தாவலில் பீரோவின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டான். "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய கடுவன் பூனை!" என்று அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மாடுகள் தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டன. மறுபடி சாக்கில் போடலாமா என்று மலையாண்டி கேட்டான். "நீ போடு, நான் பார்க்கிறேன்" என்றேன். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செல்லூர் வழியாக, பீரோவின் மேல் ராஜு அழகர் சப்பரத்தில் எழுந்தருளினது போல் வந்தான். தறிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். வழியை அவன் பார்த்துவிட்டானே என்று நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, பார்க்கட்டும், ஒளித்து மறைத்துக் கொண்டு போக அவன் என்ன கைதியா என்று விட்டுவிட்டேன்.

வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் எனக்குத் தெரியும். வாசகசாலையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறேன். சீமையில் துரைசானிகள் வீடு மாற்றினால் பூனையின் பாதங்களில் வெண்ணெய் தடவுவார்களாம். அது நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்வதற்குள் பழைய வீடு மறந்து போய்விடுமாம். வெண்ணெய்க்கு எங்கே போவேன்? அக்கா காய்ச்சி வைத்துவிட்டுப் போன நெய் ஜாடி இருந்தது. மங்களம் நான்கு காலையும் காட்டியது, பிறகு ஓரமாக உட்கார்ந்து நக்கியது. சீமைப் பூனைக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. ராஜுவுக்கு இரண்டு முன்னங்கால்களில் தடவுவதற்குள் என் கையிலிருந்து வழுக்கிவிட்டான். சிவப்புச் சிமெண்டுத் தரை அல்லவா, நெய்க் காலோடு ஓடினவன் கூடத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் உட்கார்ந்தபடியே போனான். அங்கிருந்து பூஜை அறை, பூஜை அறையிலிருந்து கஞ்சி போட்டு உலர்த்தியிருந்த என் வேஷ்டி, வேஷ்டியிலிருந்து என் படுக்கை. அவன் கால் வைத்த இடமெல்லாம் மத்தியானத்துக்குள் எறும்பு. எங்கே எங்கே போனான் என்று எறும்புச் சாரி அப்படியே படம் போட்டுக் காட்டியது. நான் படுக்கையை வெயிலில் போட்டுவிட்டு ஊஞ்சலில் படுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று கவனி: நெய் தடவினதிலிருந்து மங்களம் ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லை. முறையில் தப்பில்லை.

இரண்டாவது முறை, ஒரே அறையில் அடைத்து வைத்து அந்த அறையைப் பழக்குவது. அரிசி, பருப்பு வைக்கிற உக்கிராண அறையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அக்காவின் பழைய புடவையை விரித்து, தாம்பாளத்தில் அடுப்புச் சாம்பல் கொட்டி வைத்து, இரண்டையும் உள்ளே விட்டேன். மனுஷக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக நானும் உள்ளே உட்கார்ந்து பத்திரிகையை உரக்க வாசித்தேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்தான் நமக்குப் பால் ஊற்றுகிறாள். நான்கு எருமை வைத்திருக்கிறாள், குரல் அந்த நான்குக்கும் கேட்கிற மாதிரி இருக்கும், மனசு நல்ல மனசு. அவளிடம் முன்னெச்சரிக்கையாக, "அந்த அறைக் கதவு எப்போது திறந்திருந்தாலும் உடனே நாதாங்கியைப் போட்டுவிடு, பூனை வெளியே வந்துவிடும்" என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் தலையங்கம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை. தட்டினேன், கூப்பிட்டேன். மங்களம் என்னைப் பார்த்தது. ராஜு அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டான். நன்றாகப் பசி எடுத்த பிறகு சின்னத்தாய் சாயங்காலப் பால் கொண்டு வந்தாள்.

"யாரு சாமி உள்ள?"

"நான்தான். கதவைத் திற."

"உங்களை யாரு உள்ள வச்சுப் பூட்டுனது?"

"நீதான்!"

"நீங்கதான சாமி சொன்னீக, திறந்து கெடந்தாப் போட்டுருன்னு? உள்ள குறட்டைச் சத்தம் கேட்டுச்சு. பூனைதான் தூங்குதுன்னு நெனச்சேன். இம்புட்டுச் சின்னப் பூனைக்கு எம்புட்டுப் பெரிய குறட்டைன்னு எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொன்னேன்."

உத்தரவை அப்படியே நிறைவேற்றுகிறவர்களைக் கச்சேரியில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவளை ஒன்றும் சொல்லவில்லை. தவிர, அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. அந்த அறையை இரண்டு பூனைகள் பழகினவோ இல்லையோ, நான் நன்றாகப் பழகிவிட்டேன். எந்த மூலையில் எந்த டப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

பிறகு அவிழ்த்துவிட்டேன். மங்களம் வீட்டைச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டுக் கிணற்றடியில் வெயில் காய உட்கார்ந்தது. ராஜுவைக் காணோம். பரணில் இல்லை, விறகுக் கட்டுக்குள் இல்லை, சின்னத்தாயின் வைக்கோல் போரில் இல்லை. பூனை ஆளை நம்பி இருக்காது, வீட்டை நம்பித்தான் இருக்கும் என்று சொல்கிறார்களே, பீரோவின் மேல் உட்கார்ந்து வழி பார்த்தவன், திரும்பி டவுனுக்கே போய்விட்டான் என்று முடிவு செய்தேன். பாலத்தில் எத்தனை வண்டி, எத்தனை நாய்! அக்கா அந்தக் கோணிப்பையைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரு ஜட்கா பிடித்துப் பழைய வீட்டுக்குப் போனேன். முன்வாசல் சாத்தியிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கொண்டுபோன பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு, குனிந்து, துளசி மாடத்துக்குப் பின்னால் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ராஜு, வாடா கண்ணா! சமர்த்தா வந்து பாலைக் குடி. அடிக்க மாட்டேன். இந்தத் தடவை சாக்கில போட மாட்டேன்டா. வெளியில வந்துடு!"

கொல்லைக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் பிள்ளை ராஜாராமன், கோட்டும் டர்பனுமாக ஆபீசுக்குப் புறப்பட்டவன், நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, கையில் வெற்றிலைத் தட்டு.

"மாமா, என்னையா கூப்ட்டேள்?" என்றான்.

அவனை வீட்டில் ராஜு என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அவன் சின்னப் பையனாக இருந்தபோதே எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை. "உன்னை இல்லைப்பா" என்றேன்.

"ராஜுன்னேளே?"

"அது வேற ராஜு."

"சாக்கு என்னமோ..." என்றாள் அவன் மனைவி மெல்ல.

நான் விஷயத்தைச் சுருக்கமாகவும் கம்பீரமாகவும் எடுத்துச் சொன்னேன். அவன் மரியாதை தெரிந்த பிள்ளை, கோட்டைக் கழற்றிவிட்டு என்னோடு சேர்ந்து கொல்லை முழுவதும் தேடினான். அவன் தேடும்போது "ராஜு, ராஜு" என்று அவனே கூப்பிட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூனை அங்கே இல்லை. எனக்கு அவர்கள் காபி கொடுத்தார்கள். அக்கா உட்கார்ந்து காய் நறுக்குகிற இடத்தில் மணை போட்டு உட்காரச் சொன்னார்கள். காபி நன்றாகத்தான் இருந்தது, என்னால்தான் முழுவதும் குடிக்க முடியவில்லை.

சோர்ந்து போய் விளாங்குடி திரும்பினேன். கட்டியிருந்த வேஷ்டியை மாற்றலாம் என்று பெட்டி பக்கம் போனால், மூடி அரைகுறையாகத் திறந்திருந்தது. உள்ளே, என் ஷஷ்டியப்தபூர்த்திப் பட்டு வேஷ்டியின் மேல், மடிப்புகளையெல்லாம் காலால் கலைத்துக் குழி பறித்துக்கொண்டு, ராஜு படுத்திருந்தான். அவன் எங்கேயும் போகவில்லை பசுபதி! வீடு முழுவதும் தேடின நான் என் பெட்டியைத் தேடவில்லை. அந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. புது இடம், பயம். எஜமானின் வாசனை எந்தத் துணியில் இருக்கிறதோ அதில் தஞ்சம் புகுந்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் எந்தக் குமாஸ்தாவும் என்னிடம் அப்படி ஒரு விசுவாசம் காட்டினதில்லை. பட்டு போனால் போகிறது என்று அந்தப் பெட்டியை அவனுக்கே விட்டுவிட்டேன்.

அதிலிருந்து முன்னேற்றம்தான். விளாங்குடித் தண்ணீர் ராஜுவுக்கு அப்படி ஒத்துக்கொண்டுவிட்டது. மங்களத்தின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறான். பக்கவாட்டில் நன்றாகச் சதை போட்டு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாதிரி அசைந்து அசைந்து நடக்கிறான். சின்னத்தாய் பார்த்துவிட்டு, "சாமி, கடுவனுக்கு வயிறு உப்பிக் கெடக்கே, எலியை முழுசா முழுங்கியிருக்கும்" என்றாள். அஜீரணமாக இருக்கலாம் என்று ஓமத் தண்ணீர் ஒரு கரண்டி புகட்டப் பார்த்தேன். என் மணிக்கட்டில் இருக்கும் கீறல் அதனால் வந்தது, பெரிதொன்றுமில்லை. இரண்டு நாளாகப் பெட்டியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. நான் தலையைத் தடவினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறான். இதைவிட ஒரு பூனை ஒரு வீட்டில் எப்படி நிலைகொள்ளும், சொல்?

ஆகையால் அக்காவுக்கு நான் எழுதிக்கொள்வது என்னவென்றால்: மங்களமும் ராஜுவும் இந்த வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறார்கள், காலை நீட்டித் தூங்குகிறார்கள். ராஜு விஷயமாகவோ மங்களம் விஷயமாகவோ அவள் தெரிந்துகொள்ள வேண்டியது இனி ஒன்றும் பாக்கி இல்லை. அடுக்களையில் புகைக்கூண்டு வைக்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். இது பூனைகள் கேட்டதல்ல, நானாகச் செய்தது. அவசரம் ஒன்றும் இல்லை. தர்மாம்பாள் நன்றாக நடமாடின பிறகு, சாவகாசமாக நாள் பார்த்து அனுப்பினால் போதும். நான் தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன். ரசம் எனக்கு வந்துவிட்டது. குழம்பு இன்னும் அப்படிச் சொல்வதற்கில்லை.

தர்மாம்பாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதத்தை வயசு வரிசைப்படி சொல். நீ தீர்க்காயுசாக, வழுக்காத தரையில் நடந்து, சகல சௌபாக்கியங்களோடும் இருக்க மீனாட்சி அனுக்கிரகம் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
சீதாராமன்.

பி.கு. வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை மடித்துத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது, மேல் துண்டு எடுக்கப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். ராஜுவுக்கு நான்கு குட்டிகள் பிறந்திருக்கின்றன. பட்டு வேஷ்டியின் மேல்தான். ஒன்று சாம்பல், இரண்டு வெள்ளை, இன்னொன்றைப் பார்ப்பதற்குள் ராஜு என்னைச் சீறி வெளியே அனுப்பிவிட்டான். விட்டாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விசுவாசம், வாசனை, தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று மேலே நான் எழுதியவற்றையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். சின்னத்தாய் வந்து பார்த்து, "நம்ம கடுவனா பெத்துச்சு!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், பிறகு ஒரு குட்டி எனக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மங்களம் அறை வாசலில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறது; மங்களத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல நான் இப்போது தயாராக இல்லை. அக்காவுக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டு எழுது. தெரியும் என்றால் எழுத வேண்டாம். மாற்று வேஷ்டி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, நேற்று உடுத்தினதோடு கிணற்றடியில் நின்று இதை எழுதுகிறேன். பெற்றவளுக்குப் பால் சூடாகக் கொடுப்பதா ஆற வைத்துக் கொடுப்பதா என்றுகூட எனக்குத் தெரியாது. சாவகாசமாக அனுப்பு என்று எழுதினேன் அல்லவா, அது வேண்டாம். இந்த வீட்டில் எல்லோருக்கும் இடம் பிடிபட்டுவிட்டது, எனக்குத்தான் பிடிபடவில்லை. இது கிடைத்ததும் அகிலாண்டத்தை அடுத்த ரயிலிலேயே ஏற்றிவிடு. ஸ்டேஷனில் நான் நிற்கிறேன்.